திறந்தமூலக் கணினிக்கு மிக்சர் வாங்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமென்றால் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். இந்தத் தகுதி இல்லாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளிலும் ஆலய அலுவலகங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் நிறையவே இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போட மனமில்லாதவர்கள் உபுண்டு, லினக்ஸ் மிண்ட், டெபியன் போன்ற, லினக்ஸ் குடும்பத்துத் திறந்தமூல இயங்குதளங்களை நிறுவத் தொடங்கியிருக்கிறார்கள். நம் மலேசிய அரசே பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை 2004ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது என்பதால், இது புதிய வழியும் அல்ல. தட்டச்சு, அச்சு, இணையம் ஆகிய வேலைகளெல்லாம் நிறுவிய அன்றே நடந்துவிடுகின்றன. ஒலிப்பதிவு என்று வரும்போதுதான் கேள்வி எழுகிறது. தேவார வகுப்பைப் பதிவு செய்யவும், திருவிழாவை நேரலையில் காட்டவும், பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் ஒரு சிறிய மிக்சர் வாங்கினால் இந்தக் கணினி அதை ஏற்குமா என்று ஆலயத்தில் ஒலியமைப்பைக் கவனித்துவரும் என்னிடம் பலர் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பொதுப்பணத்தைச் செலவு செய்யும் பொறுப்பில் இருப்பவர்கள். எனவே என் பதிலைத் தங்கள் நாளிதழ் வழியாக எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் எனக்குத் தனி அக்கறையும் உண்டு. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட நாள்களை நேரில் கண்டு நினைவில் வைத்திருப்பவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். பால்மரம் வெட்டிய காலத்துப் பாட்டுகளையும், லயத்து வாழ்க்கையையும், தோட்டம் துண்டாடப்பட்டபோது நடந்தவற்றையும் அவர்கள் சொல்லச் சொல்லப் பதிவு செய்துகொள்ள இனி நீண்ட காலம் இல்லை. கைத்தொலைபேசியை மேசையில் வைத்துப் பதிவு செய்தால் மின்விசிறியின் இரைச்சலுக்கும் தெருவில் போகும் மோட்டார் சைக்கிளின் சத்தத்துக்கும் நடுவே பெரியவரின் குரல் கரைந்துபோகிறது. பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் ஒரு மைக்கும், அந்த மைக்குக்கு ஏற்ற ஒரு மிக்சரும் இருந்தால் போதும், அதே கூடத்தில் அதே குரல் தெளிவாக விழும்.

மிக்சரைப் பார்க்கும்போது முதலில் எதைக் கேட்க வேண்டும்? எத்தனை சேனல், எத்தனை எஃபெக்ட், என்ன விலை என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். லினக்ஸ் கணினிக்கு வாங்குபவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தத் தயாரிப்பாளர் தரும் டிரைவர் மென்பொருள் இல்லாமல் இந்த மிக்சர் கணினியோடு பேசுமா என்பதே அது.

யூ.எஸ்.பி. வழியாக ஒலியை அனுப்புவதற்கென்று ஒரு பொது விதிமுறை உண்டு. அதன் முதல் பதிப்பு 1998லும் இரண்டாம் பதிப்பு 2006லும் வெளிவந்தன. அந்த விதிமுறைப்படி செய்யப்பட்ட கருவி எதுவாக இருந்தாலும், செருகியவுடன் அதைத் தானே அடையாளம் கண்டு ஒலிக்கருவியாக ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் லினக்ஸின் மையப்பகுதியான உள்ளகத்திலேயே (கெர்னல்) இருக்கிறது. ஆல்சா எனப்படும் அந்த ஒலிப்பகுதி 2003 இறுதியில் வந்த லினக்ஸ் 2.6 முதல் உள்ளகத்தோடு சேர்ந்தே வருகிறது. குறுந்தட்டோ பதிவிறக்கமோ தேவையில்லை. இரண்டாம் பதிப்புக் கருவிகளையும் லினக்ஸ் 2010 வாக்கிலேயே ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் அதே வசதியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது 2017இல்தான். ஆகவே லினக்ஸில் மிக்சர் வேலை செய்யாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம். விதிமுறைப்படி செய்யப்பட்ட மிக்சர் விண்டோஸைவிட லினக்ஸில் எளிதாகவே இயங்குகிறது. விதிமுறையை விட்டு விலகி, தன் சொந்த டிரைவரை மட்டுமே நம்பியிருக்கும் கருவிதான் தொல்லை தரும்.

இந்தத் தொல்லை லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. எங்கள் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில், சொந்த டிரைவரை நம்பிய மிக்சர் ஒன்று வாங்கப்பட்டது. அது அப்போதைய விண்டோஸில் நன்றாக ஓடியது. கணினி மாறியபோது புதிய பதிப்புக்கு ஏற்ற டிரைவரைத் தயாரிப்பாளர் வெளியிடவில்லை. திருகுகள், மைக் உள்ளீடுகள், ஒளிவிளக்குகள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தும், கணினிப் பதிவுக்கு உதவாமல் அந்தக் கருவி அலமாரியில் கிடக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் உணவு விற்பனை நடத்திச் சேர்த்த பணம் அது. பொது விதிமுறையைப் பின்பற்றிய மிக்சராக இருந்திருந்தால், கணினி எத்தனை முறை மாறினாலும் அதற்கு வேலை இருந்திருக்கும்.

கடையில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிக்சர் பெட்டியின் மீது லினக்ஸ் என்ற பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, விற்பனையாளருக்கும் தெரிந்திருக்காது. அதற்குப் பதிலாக, ஐபேடில் டிரைவர் இல்லாமல் வேலை செய்யுமா என்று கேளுங்கள். ஐபேடில் ஒலிக்கருவிக்கான டிரைவரை நிறுவுகிற வழக்கமே இல்லாததால், அதில் ஓடுகிற மிக்சர் பொது விதிமுறைப்படி செய்யப்பட்டதாகத்தான் இருக்கும், அது லினக்ஸிலும் ஓடும் என்று பெரும்பாலும் நம்பலாம். இந்தக் கேள்விக்கு எந்த விற்பனையாளராலும் பதில் சொல்ல முடியும். சில கருவிகளில் பொது விதிமுறை முறைக்கு மாற்றுவதற்கென்று தனிச் சுவிட்சோ திரைப்பட்டியலில் ஒரு தேர்வோ இருக்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி: மிக்சரின் எல்லா வேலைகளையும் அதன் முகப்பில் உள்ள திருகுகளாலும் பொத்தான்களாலும் செய்ய முடிகிறதா? அண்மைக்காலக் கருவிகள் சிலவற்றில் முகப்பு அழகாக, திருகுகள் குறைவாக இருக்கும். எந்த மைக் கணினிக்குப் போக வேண்டும், எவ்வளவு எதிரொலி சேர வேண்டும் என்பதையெல்லாம் விண்டோஸ் அல்லது மேக் கணினியில் மட்டும் ஓடும் ஒரு மென்பொருளில்தான் தீர்மானிக்க முடியும். ஒலி லினக்ஸில் வரும், ஆனால் ஆட்டுவிக்கும் கயிறு நம் கையில் இருக்காது. இப்படிப்பட்ட சில கருவிகளுக்கு ஆர்வலர்கள் தாங்களே லினக்ஸ் கட்டுப்பாட்டு மென்பொருளை எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு போற்றத்தக்கது. எனினும் ஆலயத்துக்கும் பள்ளிக்கும் நான் பரிந்துரைப்பது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு உள்ள மிக்சரைத்தான். திருவிழா நேரத்தில் பதினைந்து வயதுப் பையன்கூட அதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டு ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

அடுத்தது, பலர் பணம் கொடுத்த பிறகே தெரிந்துகொள்ளும் ஒரு செய்தி. பெயரில் பத்து என்றும் பன்னிரண்டு என்றும் எண் இருந்தாலும், அத்தனை சேனல்களும் கணினிக்குத் தனித்தனியாகப் போவதில்லை. யமஹாவின் எம்.ஜி.10எக்ஸ்.யூ. என்ற, நம் நாட்டில் பலரும் அறிந்த மிக்சரை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு மைக்குகளைச் செருகலாம். மொத்த உள்ளீடு பத்து. ஆனால் யூ.எஸ்.பி. வழியாகக் கணினிக்குப் போவது இடம், வலம் என்ற இரண்டு தடங்கள் மட்டுமே. எல்லாக் குரல்களும் வாத்தியங்களும் மிக்சரிலேயே கலந்து ஒன்றாகிக் கணினிக்குள் நுழைகின்றன. சிறு மிக்சர்களில் பெரும்பாலானவை இவ்வகைதான். நேரலைக்கும், பெரியவர் ஒருவரிடம் ஒருவர் கேள்வி கேட்டுப் பதிவு செய்வதற்கும் இதுவே போதும். பேட்டியின்போது இரண்டு மைக்குகளில் ஒன்றின் பேன் திருகை முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டால், கேட்பவர் குரலும் சொல்பவர் குரலும் தனித்தனித் தடங்களில் பதிவாகிவிடும். பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்த இரண்டையும் பிரித்து, ஒருவர் இருமியதை மட்டும் குறைக்கலாம்.

தேவார வகுப்பு அப்படியல்ல. ஓதுவார் குரலுக்கு ஒரு மைக், பிள்ளைகளின் கூட்டுக்குரலுக்கு ஒன்று, ஹார்மோனியத்துக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, மின்சுருதிப் பெட்டியிலிருந்து லைன் உள்ளீடு ஒன்று என ஐந்து வழிகளில் ஒலி வருகிறது. கலவை கூடத்தில் கேட்கும்போது சரியாக இருந்தும், வீட்டில் போட்டுக் கேட்டால் மிருதங்கம் ஓதுவாரை அமுக்கியிருக்கும். இரண்டு தடங்களாகக் கலந்துவிட்ட பின் அதை மாற்ற வழியில்லை. குறுந்தகடோ இணைய வெளியீடோ செய்யும் எண்ணம் இருப்பவர்கள், இரண்டுக்கு மேற்பட்ட தடங்களைக் கணினிக்குத் தனித்தனியே அனுப்பும் மிக்சரைத் தேட வேண்டும். ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் செட்-ஐ-10 நான்கு தடங்களைக் கணினிக்கு அனுப்பி நான்கைத் திரும்பப் பெறுகிறது. சூம் நிறுவனத்தின் லைவ்டிராக் வரிசையில் வரும் எல்-8 போன்றவை ஒவ்வொரு சேனலையும் கருவிக்குள் இருக்கும் எஸ்.டி. அட்டையிலேயே தனித்தனிக் கோப்பாகப் பதிவு செய்துவிடுகின்றன. இந்த இரண்டாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. பதிவு நடக்கும்போது கணினியே தேவையில்லை. நிகழ்ச்சி முடிந்தபின் அட்டையை எடுத்துக் கணினியில் செருகினால் கோப்புகள் வந்துவிடும். அங்கே எந்த இயங்குதளம் இருந்தால் என்ன? அவற்றை ஆர்டோர் மென்பொருளில் வரிசையாக வைத்து நிதானமாகக் கலக்கலாம். ஆர்டோர் திறந்தமூல மென்பொருள். டெபியன், உபுண்டு களஞ்சியங்களிலிருந்து கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம்.

பல தடங்களை அனுப்பும் மிக்சரை லினக்ஸில் செருகியவர்கள் சிலர், இரண்டு தடம்தான் தெரிகிறது என்று மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இன்றைய லினக்ஸ் வெளியீடுகளில் ஒலியை நிர்வகிப்பது பைப்வயர் என்ற பகுதி. உபுண்டு 22.10 முதலும், 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதலும் அது இயல்பாகவே இருக்கிறது. அதற்கு முன்பு அன்றாட ஒலிக்கு ஓர் ஏற்பாடு, இசைப்பதிவுக்கு வேறோர் ஏற்பாடு என்று இரண்டுக்கும் நடுவே அல்லாட வேண்டியிருந்தது. பைப்வயர் இரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்துவிட்டது. பாவுகண்ட்ரோல் (pavucontrol) என்ற ஒலிக்கட்டுப்பாட்டுச் சாளரத்தில் உள்ளமைவுப் பகுதிக்குப் போய், மிக்சரின் பெயருக்கு எதிரே புரோ ஆடியோ என்ற தேர்வைப் போட்டால், கருவி அனுப்பும் தடங்கள் அனைத்தும் தெரியும். பைப்வயர் இயல்பாக நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில் இயங்குகிறது. மிக்சரில் வேகத்தைத் தேர்ந்தெடுக்க இடமிருந்தால் அதையும் 48,000த்திலேயே வைத்துவிடுங்கள்; காணொளிக்கும் அதுவே பொருந்தும்.

விளம்பரங்களில் பெரிதாக அச்சிடப்படும் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பிட் என்பது ஒவ்வொரு மாதிரியின் நுணுக்கத்தையும், கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் என்பதையும் குறிக்கின்றன. 24 பிட் பயனுள்ளது. ஒலி உச்சத்துக்குப் பல டெசிபல் கீழே, விளக்கு சிவப்பைத் தொடாமல் பதிவு செய்துவிட்டுப் பிறகு உயர்த்தினாலும் இரைச்சல் கூடாது. ஓதுவார் திடீரென்று உச்சஸ்தாயிக்குப் போகும்போது அந்த இடைவெளிதான் காப்பாற்றும். 192 கிலோஹெர்ட்ஸ் வேகத்தால் நம் கூடங்களில் கேட்கக்கூடிய நன்மை ஏதும் இல்லை. கோப்பின் அளவுதான் வீங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேர இருதடப் பதிவு ஏறக்குறைய 1 ஜிகாபைட். அதையே 192 கிலோஹெர்ட்ஸில் செய்தால் 4 ஜிகாபைட்டைத் தாண்டும். 16 பிட் மட்டுமே தரும் மலிவான மிக்சரைக்கூட நான் ஒதுக்க மாட்டேன். 16 பிட் தரும் 96 டெசிபல் இடைவெளி, மின்விசிறி ஓடும் எந்தக் கூடத்துக்கும் தாராளம். உள்ளே வரும் ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை மட்டும் கவனமாக வைக்க வேண்டும்.

நேரலையும் இணையவழிக் கூட்டமும் நடத்துபவர்கள் இன்னொன்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கணினியிலிருந்து திரும்பி வரும் ஒலி மிக்சரில் எங்கே போய் விழுகிறது? அது முதன்மைக் கலவையில் சேர்ந்து, அந்தக் கலவையே மறுபடி கணினிக்குப் போகும் அமைப்பாக இருந்தால், மறுமுனையில் இருப்பவர் தாம் பேசியதையே அரை நொடி கழித்துக் கேட்பார். சில வேளை ஒலி சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடவும் செய்யும். நல்ல மிக்சர்களில் கணினி ஒலியை ஹெட்போனுக்கு மட்டுமோ, கூடத்து ஒலிபெருக்கிக்கும் சேர்த்தோ அனுப்ப ஒரு சுவிட்ச் இருக்கும். ஹெட்போனுக்கு மட்டும் என்று வைத்துவிட்டால் சுற்று உடைந்துவிடும். மறுமுனைக் குரல் கூடத்திலும் கேட்க வேண்டும் என்றால், அந்தக் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கணினிக்கு அனுப்பும் வசதி வேண்டும். முதன்மைக் கலவை அல்லாத இன்னொரு கலவையை வெளியே அனுப்பும் ஆக்ஸ் வெளியீடு தனியே உள்ள மிக்சரிலும், கணினிக்குப் போகும் கலவையைத் தேர்ந்தெடுக்க விடும் மிக்சரிலும் இதைச் செய்யலாம். வெளியூர்ச் சொற்பொழிவாளரைத் திரையில் வரவழைக்கும் ஆலயங்கள் இதைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது.

பாடுபவர் தம் குரலை ஹெட்போனில் தாமதமின்றிக் கேட்பதற்கு, கணினி வழியாகச் சுற்றி வராமல் மிக்சரிலிருந்தே நேரே கேட்கும் வசதி பெரும்பாலான அனலாக் மிக்சர்களில் இருக்கிறது. அதனால் தாமதத்தைக் குறைக்கக் கணினியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மைக்கைப் பொறுத்தவரை, மிக்சரில் மூன்று முனை மைக் கேபிளுக்கான எக்ஸ்.எல்.ஆர். துளைகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கம்பிகளில் எதிரெதிராக வரும் குறிப்பலைகளை ஒப்பிட்டு, இடையில் ஏறிய இரைச்சலைக் கழித்துவிடும் வேலையை அந்த இணைப்பே செய்கிறது. நீளமான கேபிள் ஓடும் கூடங்களில் அதன் அருமை தெரியும். கண்டன்சர் மைக் வைத்திருப்பவர்கள், அந்த மைக் இயங்கக் கேபிள் வழியே மின்சாரம் தரும் பேண்டம் பவர் 48 வோல்ட் என்று கருவியில் அச்சிட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். மிகச் சிறிய மிக்சர்கள் சிலவற்றில் அதற்குக் குறைவாகவே வரும், சிலவற்றில் அறவே இருக்காது. நம்முடைய உறுமி மேளமும் நாதஸ்வரமும் தவிலும் இதற்கு நேர்மாறான சிக்கலைத் தருகின்றன. அவை எழுப்பும் ஓசைக்குக் கெயின் திருகை முழுக்கக் குறைத்தாலும் சிவப்பு விளக்கு அணையாது. சேனலுக்கு மேலே பேட் என்று எழுதிய சிறு பொத்தான் இருந்தால் அதை அழுத்தியவுடன் ஒலி அடங்கி வழிக்கு வரும். மேளக்குழுவைப் பதிவு செய்ய நினைப்பவர்கள் அந்தப் பொத்தான் இல்லாத மிக்சரை வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே நல்ல அனலாக் மிக்சர் வைத்திருக்கும் ஆலயங்கள் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல மிக்சர்களில் ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்று எழுதிய, சிவப்பும் வெள்ளையுமான இரண்டு துளைகள் இருக்கும். அதிலிருந்து மடிக்கணினியின் மைக் துளைக்கு நேரே கேபிள் போடுவதே பலர் செய்வது. அந்தத் துளை, ஹெட்செட்டின் மெல்லிய மைக்குக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலும் ஒரே தடம்தான் பதிவாகும். மிக்சரின் வலுவான ஒலி அங்கே நுழைந்தால் உடைந்து கரகரக்கும். நடுவே சிறிய யூ.எஸ்.பி. ஒலிப்பெட்டி ஒன்றை வைத்தால் போதும். பெரிங்கர் நிறுவனத்தின் யூ.சி.ஏ.202 அப்படிப்பட்ட ஒன்று. 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். தனி அடாப்டர் வேண்டாம், யூ.எஸ்.பி. மின்சாரத்திலேயே ஓடும், பொது விதிமுறைப்படி செய்யப்பட்டதால் லினக்ஸில் செருகியவுடன் வேலை செய்யும். சட்டைப்பையில் அடங்கும் இந்தப் பெட்டியின் விலை, புதிய மிக்சர் ஒன்றின் விலையில் சிறு பகுதிதான். நிதி குறைந்த தோட்டத்து ஆலயங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மிக்சர், கணினி, ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் இணைத்தபின் அடிக்குரலில் தொடர்ந்து ஓர் இரைச்சல் வந்தால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் மிக்சரின் மீது குற்றமில்லை. வெவ்வேறு சுவர்த்துளைகளிலிருந்து மின்சாரம் எடுப்பதால் எர்த் வழியே சுற்று உண்டாகி, நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு ஒலியில் ஏறுகிறது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் மிக்சருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே நேரடி மின் இணைப்பைத் துண்டித்து ஒலியை மட்டும் கடத்தும், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பெட்டி ஒன்றை வைக்கலாம். இரைச்சலை நிறுத்துகிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மைக்கைப் பிடித்திருப்பவரின் உயிருக்கே ஆபத்து அது. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள்.

அடாப்டரைப் பற்றியும் ஒரு சொல். சிறு மிக்சர்கள் பலவற்றின் அடாப்டர் சாதாரண 12 வோல்ட் வகை அல்ல. மூன்று முனைப் பிளக்கோடு மாறுமின்னோட்டம் தருபவையும் உண்டு. கெட்டுப்போனால் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காது. மாற்று அடாப்டர் தனியே கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நேரே மின்கம்பி செருகும் மிக்சர் கிடைத்தால் அதுவே மேல்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். உபுண்டுவையோ லினக்ஸ் மிண்டையோ ஒரு பென்டிரைவில் எழுதிக்கொண்டால், பெரும்பாலான மடிக்கணினிகளை அவற்றின் வன்தட்டைத் தொடாமலே அந்தப் பென்டிரைவிலிருந்து இயக்கலாம். 16 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்று தாராளமாகப் போதும். மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் ஈப்போவுக்கு எடுத்துச் சென்று, மிக்சரைச் செருகி, அமைப்புகளில் ஒலிப்பகுதியைத் திறந்தால், உள்ளீட்டுப் பட்டியலில் மிக்சரின் பெயர் சில நொடிகளில் தோன்ற வேண்டும். அதைத் தேர்ந்தெடுத்து மைக்கில் பேசும்போது கீழே உள்ள பட்டை குரலோடு ஏறி இறங்க வேண்டும். ஹெட்போனை மிக்சரில் மாட்டிக்கொண்டு கணினியில் ஒரு பாட்டைப் போட்டுக் கேட்க வேண்டும். பிறகு யூ.எஸ்.பி. கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகி, பெயர் மீண்டும் வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். சில நிமிட வேலைதான். பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் இந்தச் சோதனையின் முடிவே எனக்கு முக்கியம்.

விலைப்பட்டியல் கேட்டுக் கடிதம் எழுதும் ஆலய நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், மிக்சர் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், தயாரிப்பாளரின் டிரைவர் இன்றி யூ.எஸ்.பி. பொது விதிமுறைப்படி இயங்க வேண்டும் என்பதையும், கணினிக்குத் தனித்தனியாகச் செல்ல வேண்டிய தடங்கள் இத்தனை என்பதையும், லினக்ஸ் கணினியில் இயங்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் எழுத்தில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அதேபோல் ஒலிக்கருவி விற்பவர்களும், கடையில் உள்ள மாதிரிக் கருவிகளில் ஒன்றிரண்டையாவது பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்து, வாங்க வருபவர் தம் மடிக்கணினியில் செருகிப் பார்க்க இடம் கொடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஆலய ஒலியமைப்புத் தொண்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.